தயா, கதவை உடைக்காதே!

ரெண்டு மாசமா ஆபீஸில் ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. இந்த விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். எழுதினால் வீட்டிலேயே ரெண்டு எதிரிகள் உருவாவார்கள். ஒன்று தங்கமணி. இன்னொன்று ஏழாம் வகுப்பு படிக்கும் ஜூனியர். ரெண்டு பேரும் 'சி.ஐ.டி.' பக்தர்கள். ராத்திரி சாப்பாடு கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சி.ஐ.டி. என்பது சோனி டிவியில் 1998 ஜனவரியில் ஆரம்பித்து 2018 அக்டோபர் வரை ஓடிய ஹிந்தி போலீஸ் தொடர். 1547 எபிசோட். நம்ம ஊர் மெகா சீரியல் மாமியார்களே கையெடுத்துக் கும்பிட வேண்டிய நம்பர். பி.பி. சிங் என்பவர் உருவாக்கியது. ஏ.சி.பி. பிரத்யுமனாக சிவாஜி சாட்டம், அபிஜீத்தாக ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா, தயாவாக தயானந்த் ஷெட்டி. ஏ.சி.பி. விரலைச் சுழற்றி 'என்னமோ சரியில்லையே தயா' என்பார். தயா தோளால் இடித்துக் கதவை உடைப்பார். டாக்டர் சாலுங்கே கலர் கலர் தண்ணீரை ஒரு குடுவையிலிருந்து இன்னொரு குடுவைக்கு ஊற்றி, செத்தவன் கடைசியாக எந்தக் கடையில் டீ குடித்தான் என்பதுவரை சொல்வார். அவ்வளவுதான் கதை. ஆறு வருஷ இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பரில் திரும்பவும் ஆரம்பித்தார்கள்.

எனக்கும் அந்தத் தொடருக்கும் பழைய பந்தம் உண்டு. கோவில்பட்டியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஹைதராபாத் வந்தது 2006-இல். செர்லபள்ளி தொழிற்பேட்டையில் வேலை, குஷாய்குடாவில் ரூம். நாலு பேர். ஒருத்தன் விசாகப்பட்டினம், ஒருத்தன் நாக்பூர், ஒருத்தன் புவனேஸ்வர். ஹிந்தியில் எனக்கு அப்போது தெரிந்தது 'நஹி மாலும்' மட்டும்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நாலு பேரும் பாயில் உட்கார்ந்து, முட்டை பொரித்த சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு சி.ஐ.டி. பார்ப்போம். எனக்கு ஹிந்தி வந்ததே ஏ.சி.பி. பிரத்யுமன் புண்ணியத்தில்தான். அதனால் இன்றைக்கும் காய்கறிக்காரரிடம் பேசினால் விசாரணை பண்ணுவது மாதிரியே இருக்கும் என்று தங்கமணி சொல்வாள். :-)

ஆகவே, வெளியில் நின்று கல்லெறிகிற ஆள் இல்லை நான். உள்ளே உட்கார்ந்து முட்டைப்பொரியல் சாப்பிட்ட ஆள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2025 ஏப்ரல் முதல் வாரம். பார்போசா என்று ஒரு வில்லன் (திக்மான்ஷு தூலியா நடித்தது). அவன் வைத்த குண்டில் ஏ.சி.பி. பிரத்யுமன் செத்துப்போவதாகக் கதை. சோனிக்காரர்கள் நிஜமாகவே ஒருவர் இறந்துபோனால் போடுவது மாதிரி படம் போட்டு, பெயருக்குக் கீழே 1998 – 2025 என்று வருஷமும் போட்டு அஞ்சலி வெளியிட்டார்கள். அவ்வளவுதான், நாடே கொதித்தது. இருபத்தேழு வருஷம் பார்த்த முகத்தை இப்படியா அனுப்புவது, ஒரு பெரிய மனுஷனை இப்படியா கொல்வது, இனிமேல் பார்க்கவே மாட்டோம், சிறுவயதைக் கொன்றுவிட்டீர்கள் என்று ஆளாளுக்குக் கொந்தளித்தார்கள். புது ஏ.சி.பி.யாக வந்த பார்த் சம்தான் பாவம், என்ன செய்தாலும் திட்டு. கடைசியில் ரசிகர்கள் ஜெயித்தார்கள். செத்துப்போன ஏ.சி.பி. சில வாரங்களிலேயே உயிரோடு திரும்பி வந்தார். சாவித்திரி ஒருத்தி எமனிடம் வாதாடியதை, இங்கே லட்சக்கணக்கான பேர் சேர்ந்து செய்து முடித்தார்கள்.

எங்கள் வீட்டிலும் துக்கம்தான். ஜூனியர் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அபார்ட்மெண்ட் லிஃப்டில் மூணாவது மாடி ஆன்ட்டி என்னிடம் துக்கம் விசாரித்தார். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் அன்றைக்கு ஐ.பி.எல். பேச்சே இல்லை.

இதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. பிடித்த முகத்துக்காக அழுவது மனுஷ குணம். என் புகார் வேறு. இருபத்தேழு வருஷம் பார்த்துவிட்டு, ஒரே ஒரு எபிசோடுக்காக இவ்வளவு பேர் வாயைத் திறந்தார்களே, திறந்த வாயால் கேட்டது எல்லாமே 'எங்கள் ஏ.சி.பி.யைத் திருப்பிக் கொடு' என்பது மட்டும்தான். அந்த ஏ.சி.பி. இருபத்தேழு வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் பார்த்த அளவில் ஒருத்தரும் கேட்கவில்லை.

என்ன செய்துகொண்டிருந்தார்? சொல்கிறேன்.

ஒரு எபிசோட் எப்படி முடியும் என்று யோசித்துப் பாருங்கள். சந்தேகத்துக்குரிய ஆள் நாற்காலியில் இருப்பான், 'எனக்கு எதுவும் தெரியாது சார்' என்பான். தயா பளாரென்று ஒரு அறை விடுவார். அடுத்த நொடி அவன் கண்ணீரோடு முழுக்கதையையும் சொல்வான். ஃபிளாஷ்பேக் ஓடும். முடிந்ததும் ஏ.சி.பி. அவன் முகத்துக்கு நேராக 'இனி உனக்குத் தூக்குதான்' என்பார். கேமரா தள்ளிப் போகும். சுபம்.

இந்த ரெண்டு நிமிஷத்தில் எத்தனை பேரின் வேலையை இவர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று எண்ணினால் தலை சுற்றும். மாஜிஸ்ட்ரேட் இல்லை. வக்கீல் இல்லை. குறுக்கு விசாரணை இல்லை. நீதிபதி இல்லை. அப்பீல் இல்லை. நான் பார்த்த எபிசோடுகளில், பிடிபட்டவனை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்திய காட்சி ஒன்றுகூட என் ஞாபகத்தில் இல்லை. அது அரசியலமைப்புச் சட்டத்தின் 22-ஆவது ஷரத்து. எனக்குத் தெரிந்து தூக்குத் தண்டனையை 'அரிதினும் அரிதான' வழக்கில்தான் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் பச்சன் சிங் வழக்கில் சொல்லியாயிற்று. நம்ம ஏ.சி.பி.யிடம் போனால் எல்லாமே அரிதினும் அரிதுதான்.

இன்னொரு விஷயம். அறை வாங்கிக்கொண்டு சொல்லும் அந்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொன்னது. வெள்ளைக்காரனுக்கே தன் போலீஸ் மேல் அவ்வளவு நம்பிக்கை! 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அதுவே 23-ஆவது பிரிவு. நம்பர் மாறியது, விஷயம் மாறவில்லை.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு சந்து உண்டு. கஸ்டடியில் இருப்பவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு அந்தப் பேச்சு செல்லும். பழைய சட்டத்தில் 27-ஆவது பிரிவு. இங்கேதான் கவனிக்க வேண்டும். கொலையோ திருட்டோ, 'பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டால் கேஸ் முடிந்தது' என்ற அவசரம் இந்தச் சந்தில்தான் பிறக்கிறது. நகை காணாமல் போன கேஸ்களில் அடி ஏன் அவ்வளவு விழுகிறது என்பதற்குக் காரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். நகை எங்கே, நகை எங்கே என்று அடி. திருடாதவன் எங்கேயிருந்து எடுத்துக் கொடுப்பான்? எடுத்துக் கொடுக்க முடியாததால் இன்னும் அடி. குற்றவாளியாவது ஒரு கட்டத்தில் பொருளைக் காட்டித் தப்பித்துவிடுவான். நிரபராதிக்கு அந்த வழியும் இல்லை. இதைவிடக் கொடுமையான ஏற்பாடு ஒன்று இருக்க முடியுமா?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்காக 2025 ஜூன் மாதத்துக்கு வருகிறேன். ஏ.சி.பி. பிரத்யுமன் போய்த் திரும்பி வந்த அதே கோடைதான். சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கத்தில் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில். அங்கே தற்காலிகக் காவலாளியாக இருந்த அஜித்குமார் என்ற இளைஞர். கோயிலுக்கு வந்தவர்களின் காரிலிருந்து நகை காணாமல் போனதாகப் புகார். ஜூன் 27-ஆம் தேதி விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் செத்துப்போனார். உடம்பில் 44 காயங்கள் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதிர்ந்தது. கோயிலுக்குப் பின்னால் அவரை அடித்ததை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் முழுசாகப் பார்க்கவில்லை. முடியவில்லை. போலீஸ்காரர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

அந்தச் செல்போன் காட்சியில் ஃபிளாஷ்பேக் ஓடவில்லை மக்களே. உண்மை வெளியே வரவில்லை. உயிர்தான் வந்தது.

என் ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 2020 ஜூன் 19-ஆம் தேதி, ஊரடங்கு நேரத்தில், கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் செல்போன் கடைக்காரர் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் பிடித்தார்கள். அடித்து, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஜூன் 22 ராத்திரி மகன், 23 காலையில் அப்பா. ரெண்டு பேரும் உயிரை விட்டது எங்கள் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில். நான் பிறந்த ஊர். கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பேர் போன ஊர். ஒரு வாரம் எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்தப் பெயர் இப்படி அடிபட்டது. ரயில் இல்லை, பஸ் இல்லை, குஷாய்குடாவில் அடைந்து கிடந்தபடி அம்மாவிடம் போனில் பேசினேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கடைய அடைக்க லேட்டானா அடிச்சுக் கொல்லுவாங்களாய்யா?" பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. 'சாமி', 'சிங்கம்' எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக வெளிப்படையாக அறிக்கை விட்டார். அந்தப் படங்களை விசிலடித்துப் பார்த்தவன் நான். விசிலடித்த நாமல்லவா முதலில் வேதனைப்பட்டிருக்க வேண்டும்? எடுத்தவருக்கு இருந்த உறுத்தல் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இருந்தது?

இனி நான் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். குஷாய்குடாவிலிருந்து வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் செர்லபள்ளி மத்திய சிறை வந்துவிடும். அந்த வழியாகத்தான் பல வருஷம் வேலைக்குப் போனேன். 2019 நவம்பர் கடைசியில் ஷம்ஷாபாத் பக்கம் ஒரு இளம் கால்நடை மருத்துவருக்கு நடந்த கொடுமை யாருக்கும் மறந்திருக்காது. மறக்கவும் கூடாது. எங்கள் ஆபீஸில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் பெண்கள் அந்த வாரம் பேயறைந்த மாதிரி இருந்தார்கள். அதில் கைதான நாலு பேரைக் கொண்டுவந்து அடைத்தது இந்தச் செர்லபள்ளி சிறையில்தான். டிசம்பர் 6 விடிகாலையில், போலீஸ் கஸ்டடியில், சம்பவம் நடந்த இடத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் நாலு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாலத்தின் மேல் நின்று ஜனங்கள் போலீஸ் மேல் பூத்தூவினார்கள். எங்கள் தெருவில் ஸ்வீட் கொடுத்தார்கள்.

நானும் வாங்கினேன். மறைக்க விரும்பவில்லை. வாயில் போட்டேன். 'சரியான வேலை' என்றும் சொன்னேன்.

அப்புறம் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் கமிஷன் (நம்ம ஊர் டி.ஆர். கார்த்திகேயனும் அதில் ஒரு உறுப்பினர்) விசாரித்தது. 2022 மே மாதம் அறிக்கை வெளியே வந்தது. சாகடிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள் என்றது. செத்த நாலு பேரில் மூன்று பேர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது. பத்து போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. ஆக, அந்தக் கொடுமையைச் செய்தது யார், எப்படி என்பதைக் கோர்ட்டில் சாட்சியம் வைத்து நிரூபிக்கும் வாய்ப்பு அந்த மருத்துவரின் குடும்பத்துக்கும் இல்லாமல் போனது. தீர்ப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. எபிசோட் மட்டும் முடிந்துவிட்டது.

அறிக்கை வந்த அன்றைக்கு யாரும் ஸ்வீட்டைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டையில் நின்றது.

இப்போது கடைசிக் கதை. இது எங்கள் அபார்ட்மெண்டில் நடந்தது. 2025 ஜூலை. மடப்புரம் செய்தி வந்து ரெண்டு வாரம்கூட ஆகவில்லை. மேல் மாடியில் ஒரு வீட்டில் நாலு பவுன் செயின் காணோம். உடனே எல்லோருடைய கண்ணும் போனது வாட்ச்மேன் மேல். மஹபூப்நகர் பக்கத்து ஆள். கீழே பார்க்கிங் ஓரத்தில் ஒரே அறையில் பெண்டாட்டி, ரெண்டு குழந்தைகள். பெண்டாட்டிதான் அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது. மொட்டை மாடியில் அவசரக் கூட்டம் போட்டார்கள். வாட்ச்மேன் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறார். "நேனு தீயலேது சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், நான் எடுக்கவில்லை என்று. அப்போது ஒரு பெரியவர், பேங்கில் ரிடையர் ஆனவர், தினமும் காலையில் கோயிலுக்குப் போகிறவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு தெப்பலு கொடிதே நிஜம் செப்தாடு." ரெண்டு போட்டால் உண்மையைச் சொல்வான். பக்கத்திலிருந்த ஒருவர், 'தயாவைக் கூப்பிடுங்கப்பா' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏப்ரலில் என்னிடம் துக்கம் விசாரித்த அதே மூணாவது மாடி ஆன்ட்டியும் சிரித்தார்.

என் பக்கத்தில் ஜூனியர் நின்றுகொண்டிருந்தான். அவனும் சிரித்தான்.

நான் அன்றைக்குக் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. 'போலீஸுக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் இன்னொரு தரம் நல்லாத் தேடிப் பாருங்களேன்' என்று மெதுவாகச் சொன்னேன். வேற்று ஊர்க்காரன், சொந்த ஃபிளாட்டும் இல்லை, வாடகைக்கு இருப்பவன், அவ்வளவுதான் வாய் வந்தது. ரெண்டு நாள் கழித்துச் செயின் கிடைத்தது. அவர்கள் பீரோவிலேயே, மாத்திரை கவருக்குள். கல்யாணத்துக்குப் போய்வந்த ராத்திரி கழற்றி அதில் போட்டது மறந்துபோனதாம். யாரும் வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. 'சரி சரி, போய் மோட்டார் போடு' என்றார்கள். அந்த மாசச் சம்பளம் வாங்கியதும் அவர் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

அந்த ரெண்டு நாளில் யாராவது ஒருத்தர் போனை எடுத்திருந்தால்? அந்தப் பக்கம் நல்ல அதிகாரி இருந்திருந்தால் பிழைத்தார். அப்படி இல்லாவிட்டால்? மடப்புரத்துக்கும் எங்கள் மொட்டை மாடிக்கும் நடுவே இருந்தது ஒரு போன் கால்தான்.

இப்போது நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

'அட, சீரியல்ப்பா. அதைப்போய்...' என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். சி.ஐ.டி. குழந்தைகளும் பார்க்கும்படி எடுத்த தொடர். ரத்தம் குறைவு, ஆபாசம் இல்லை, அதில் வரும் போலீஸ் லஞ்சம் வாங்காது. கலர் தண்ணீர் டெஸ்டை யாரும் நம்புவதில்லை, சிரிக்கிறோம். ஆனால் அந்த அறையைப் பார்த்துச் சிரிப்பதில்லையே, அதை நம்புகிறோமே! சாலுங்கேயின் குடுவை பொய் என்று தெரிந்த அதே மூளைக்கு, தயாவின் கை மட்டும் எப்படி உண்மையாகிறது? அந்தத் தொடரில் அடி வாங்குபவன் பெரும்பாலும் குற்றவாளியாகவே இருப்பான், ஏனென்றால் கதை எழுதியவருக்கு முன்கூட்டியே தெரியும். நிஜ ஸ்டேஷனில் கதாசிரியர் கிடையாது.

'அடிக்காமல் எவன் உண்மையைச் சொல்வான்?' என்பீர்கள். அடித்தால் எவனும் எதையும் சொல்வான், அதுதான் பிரச்சினை. 1983-இல் குண்டூரில் பிழைக்கப் போன கோவைக்காரர் மு. சந்திரகுமாருக்கு அங்கே போலீஸ் காவலில் நடந்ததை அவரே 'லாக்கப்' என்று எழுதினார். வெற்றிமாறன் அதைத்தான் 'விசாரணை' ஆக்கினார். தேசிய விருது வாங்கிய படம். அதில் மாட்டிக்கொண்டவன் என்னைப் போல ஒரு தமிழன், என்னைப் போல தெலுங்கு நாட்டில் பிழைக்க வந்தவன். நான் கம்ப்யூட்டரோடு வந்தேன், அவன் வெறுங்கையோடு வந்தான். வித்தியாசம் அவ்வளவுதான். செய்யாத குற்றத்தை ஒருத்தன் ஒப்புக்கொண்டால், செய்தவன் எங்கேயோ நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அடி உதை விசாரணையால் முதலில் தப்பிப்பது நிஜக் குற்றவாளிதான்.

'பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று பேசு' என்பீர்கள். அதைத்தான் பேசுகிறேன். ஜெயராஜின் மனைவியும் பாதிக்கப்பட்டவர். அஜித்குமாரின் அம்மாவும் பாதிக்கப்பட்டவர். சீக்கிரம் தீர்ப்பு வரவில்லை என்ற கோபம் நியாயம். அந்தக் கோபத்தைக் கோர்ட்டில் காலியாக இருக்கும் நாற்காலிகள் மேல் காட்டுங்கள், தடய அறிவியல் கூடங்களில் தேங்கிக் கிடக்கும் மாதிரிகள் மேல் காட்டுங்கள். கையைக் கட்டி நிற்பவன் கன்னத்தில் காட்டாதீர்கள்.

'நேர்மையான போலீஸே இல்லையா?' இருக்கிறார்கள். சாத்தான்குளம் ஸ்டேஷனில் அந்த ராத்திரி நடந்ததை மாஜிஸ்ட்ரேட்டிடம் துணிந்து சொன்னது அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான். சக போலீஸ்காரர்கள் வெளியில் சூழ்ந்து நிற்க, பயத்தோடு, ஆனாலும் சொன்னார். என்னைக் கேட்டால் 1547 எபிசோடில் உடைந்த அத்தனை கதவுகளையும்விட அவர் திறந்த அந்த ஒரு வாய் பெரிய வீரம். அவரை வைத்து யாராவது சீரியல் எடுப்பார்களா? எடுத்தால் நாம் பார்ப்போமா?

அதனால் நான் சி.ஐ.டி.யைத் தடை செய் என்று கேட்கவில்லை. தடை கேட்பவர்கள் ஏற்கெனவே நாட்டில் போதுமான அளவு இருக்கிறார்கள். நான் கேட்பது பார்ப்பவர்களிடம். செத்த ஆளையே திரும்பக் கொண்டுவரும் அளவுக்கு உங்களுக்குச் சக்தி இருக்கிறது என்று 2025-இல் நிரூபித்துவிட்டீர்கள். அதே சக்தியில் கொஞ்சத்தை எடுத்து வேறு சிலவற்றையும் கேளுங்கள். கைது செய்யும்போது சாட்சிக் கையெழுத்தோடு ஒரு கைதுக் குறிப்பு, வீட்டுக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் டி.கே. பாசு வழக்கில் வரிசையாகச் சொன்னதே, அதில் ஒன்றையாவது காட்டு என்று கேளுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வை என்று 2020-இல் சொன்னதே, அந்தக் கேமரா சுவரில் இருப்பதையாவது காட்டு என்று கேளுங்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னும் அதை ஏற்புறுதி செய்யாத நாடு நம்முடையது. ஏன் என்று நாடாளுமன்றத்தைக் கேட்பதற்கு முன்னால், டிவி பெட்டியையாவது கேட்டுப் பழகலாமே?

அதெல்லாம் சுவாரசியமாக இருக்காது என்கிறீர்களா? ஒரு நிரபராதியைக் குற்றவாளி என்று நினைத்து எல்லோரும் துரத்தும்போது, ஒரே ஒரு அதிகாரி மட்டும் நின்று, 'இரு, ஆதாரம் எங்கே?' என்று கேட்பதைவிடச் சுவாரசியமான கதை எனக்குத் தெரியாது. பிரத்யுமன் விரலைச் சுழற்றி 'என்னமோ சரியில்லையே' என்பாரே, அந்தச் சந்தேகம்தான் நல்ல போலீஸின் முதல் குணம். அது தயாவின் கை ஓங்கும்போதும் வர வேண்டும், அவ்வளவுதான்.

வாட்ச்மேன் கிளம்பிய அன்றைக்கு ராத்திரி ஜூனியரை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மடப்புரத்தைப் பற்றிச் சொன்னேன். முழுசாக இல்லை, பன்னிரண்டு வயசுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. அப்புறம் நான் 2019-இல் ஸ்வீட் வாங்கித் தின்றதையும் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்பா, வாட்ச்மேன் அங்கிள எல்லாரும் சுத்தி நின்னப்ப, நானும் சிரிச்சேன்ல?"

"நானும் சும்மாதானடா நின்னேன்" என்றேன்.

இப்போதும் வீட்டில் சி.ஐ.டி. ஓடுகிறது. பழைய எபிசோடுகள்தான். ஆனால் தயா கையை ஓங்கும்போது ஜூனியர் ஒரு வார்த்தை சொல்கிறான்: "ப்ரூஃப் எங்க தயா?" தங்கமணி முறைக்கிறாள். எனக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு 'போலீஸ் இல்லாமல் நீ ஒரு நாள் இருப்பியா?' என்று கேட்க வருபவர்களுக்கு: இருக்க மாட்டேன். போலீஸ் வேண்டும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.